அரைக் கிலோ மண்

எழுதிக்குங்க அம்மிணி. பேரு சென்னியப்பன். அப்பன் பேரு ராக்கியப்பன். ஊரு ஓலக்காட்டுப்புதூரு. அப்படி ஒரு ஊரு இருக்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, பஸ்ஸே நாளைக்கு நாலு தடவைதான் வருது. சர்வே நம்பரா? இந்தச் சிட்டாவுல இருக்குதுங்க, பார்த்து எழுதிக்குங்க. மொத்தம் நாலு ஏக்கரா முப்பது செண்டு. ரெண்டு ஏக்கரா மேக்காடு, மீதி கீக்காடு. இது கீக்காட்டு மண்ணு.

எந்த எடத்துல இருந்து எடுத்தீங்கன்னு கேக்கறீங்களே, அதுக்குத்தான் வர்றேன். அவசரப்பட்டு எழுதீராதீங்க. போன தடவை அந்த ஒரு கேள்விக்குத்தானுங்க நான் பொய் சொன்னது.

ஆமாங்க, இதே ஆபீஸ்தான். நாலு வருசமாச்சு. அப்ப இந்த மேசையில கண்ணாடி போட்ட ஒரு தம்பி உட்கார்ந்திருந்தாரு. அவரு மேல ஒரு குத்தமும் இல்லீங்க. நான் கொண்டாந்து குடுத்த மண்ணுக்கு அவரு சரியாத்தான் மண்ணுப் பரிசோதனைக் கார்டு குடுத்தாரு. மண்ணுதான் வேற.

ஆபீசர் ரெண்டு மணிக்கு மேல வருவாருங்களா? வரட்டும், நான் எங்கியும் போகலை. இந்தப் பை என் மடியிலயே இருக்கட்டும். இன்னொரு மூட்டையா? அது கட்டுச்சோறு. எங்க ஊட்டுக்காரி மயிலாத்தா காலையில கட்டிப் பையில வச்சிருக்கா. அதிசயந்தான். அவ எனக்குச் சோறு கட்டிக் குடுத்து மூணு வருசம் இருக்கும். ஊட்டுல போடுவா, போடமாட்டான்னு சொல்லக்கூடாது. தட்டத்தைக் கொண்டாந்து வச்சுட்டு அந்தப் பக்கம் போயிருவா. வாங்க, உண்ணுங்கன்னு ஒரு சொல்லு வராது. அப்படி என்ன வீம்போ, எனக்கு வெளங்கலை. இன்னைக்கு மனசு எளகிருச்சாட்ட இருக்குது, மூட்டை நல்ல கனமா இருக்குது. மண்ணைக் குடுத்துட்டு அப்பறமா நிம்மதியா உண்ணுக்கறேன்.

எங்க கீக்காட்டைப் பத்தி மொதல்ல சொல்லோணும். நீங்க நெதம் நூறு மண்ணு பார்க்கறவங்க, உங்ககிட்டப் போயி நான் பெருமை பேசக்கூடாது. ஆனாலுஞ் சொல்றேன். கையில புடிச்சு உட்டா புட்டு மாவாட்ட உதுருமுங்க. செம்மண்ணும் இல்லை, கரிசலும் இல்லை, ரெண்டுக்கும் நடுவால ஒரு நெறம். செருப்புப் போட்டுட்டு நான் அதுக்குள்ள எறங்குனதே இல்லை. மாரியாத்தா நோம்பிக்கு முளைப்பாரி போடறதுக்கு ஊரே எங்க கீக்காட்டு மண்ணைத்தான் அள்ளிட்டுப் போகும். கேட்டுட்டுத்தான் எடுக்கோணும். கேக்காம ஒரு கை எடுத்தாலும் எனக்குப் பொல்லாத கோவம் வரும். என் கண்ணாலத்தன்னைக்கு முகூர்த்தம் முடிஞ்சு பந்தியில என்னைத் தேடறாங்க, நான் காட்டுல தண்ணி மடை மாறுச்சான்னு பார்க்கப் போயிட்டேன். மயிலாத்தா அதை இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவா. காட்டுவா என்ன, காட்டிட்டிருந்தா. இப்பத்தான் பேசறதில்லையே.

பதினோரு பன்னெண்டு வருசத்துக்கு முன்னால மூணு வருசம் மழை பொய்ச்சுப் போச்சுங்க. கெணறு வத்திருச்சு. கீக்காடு வாயைப் பொளந்துட்டுக் கெடந்துச்சு. வெடிப்புக்குள்ள என் கை முழங்கை வரைக்கும் போச்சுன்னா நம்புவீங்களா? நான் வரப்புல உட்கார்ந்து அதையே பார்த்துட்டிருப்பேன். தாகத்துல ஒரு உசுரு கெடக்கறாப்பல இருக்கும். அப்பறந்தான் போர் போட்டேன். எண்ணூத்தம்பது அடி. தண்ணி வந்துச்சுங்க, பீச்சி அடிச்சுது. நான் அதுல நனைஞ்சுட்டே நின்னேன்.

மயிலாத்தா ஒரு கை அள்ளி வாயில ஊத்திப் பார்த்துட்டுத் துப்புனா. "கரிக்குது மாமா, இதைக் காட்டுக்கு உடாதீங்க"ன்னா. நானும் குடிச்சேன். கரிக்கத்தான் செஞ்சுது. ஆனா நான் துப்பலை, முழுங்கிட்டேன். சித்த கரிச்சா என்ன, தாகத்துல கெடக்கறதுக்குத் தண்ணியக் கண்ணுல காட்டிட்டுக் குடுக்காத இருக்க முடியுங்களா? உட்டேன். அன்னைக்கு மண்ணு குடிச்ச குடி இருக்குதே, நீங்க பார்த்திருக்கோணும். சத்தங் கேட்டுச்சுங்க.

மொத வருசம் ஒண்ணும் தெரியலை. சோளம் நல்லா வந்துச்சு. ரெண்டாம் வருசம் பங்குனியில, மடையோரமா உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை பூத்திருந்துச்சு. நான் கால்ல தேச்சு உட்டுட்டேன். அடுத்த வருசம் பத்து எடம். அதுக்கடுத்த வருசம் தூரத்துல இருந்து பார்த்தா யாரோ கோலமாவைக் கொட்டிட்டாங்களாட்ட இருந்துச்சு. நான் பொழுது கெளம்பறதுக்குள்ள போயி ஏரைப் பூட்டி ஓட்டி அடியில தள்ளிருவேன். முளைப்பாரிக்கு மண்ணு கேட்டு வந்தவங்களுக்கு இல்லைன்னுட்டேன். சென்னியப்பனுக்குத் திமுரு ஏறிப் போச்சுன்னு ஊருக்குள்ள பேசுனாங்க. பேசட்டும், என்னைத்தானே பேசுறாங்க.

உவரான்னு கேக்கறீங்க. வேண்டாமுங்க, அந்தச் சொல்லு வேண்டாம். இப்ப எழுதாதீங்க. அந்தச் சொல்லை எங்க காட்டைப் பத்தி யாரு சொல்லியும் நான் கேட்டதில்லை. நானே மனசுக்குள்ளகூடச் சொன்னதில்லை. வெள்ளைன்னு வச்சுக்குங்க.

எனக்கு ஒரே பொண்ணுங்க. தமயந்தி. அவளுக்கு அஞ்சு வயசா இருக்கையில கீக்காட்டுல கடலை போட்டோம். எங்க பக்கம் மொதக் கை வெதையை ஒரு ராசியான கை போடோணும், அப்பறந்தான் ஆளுக எறங்குவாங்க. அந்த வருசம் புள்ளையை வச்சுப் போடலாம்னு, அவ குட்டிக் கையில நாலு கடலையைக் குடுத்தேன். போட்டா பாருங்க, செடிக்கு நாப்பது காய். அடுத்த வருசத்துல இருந்து ஊருக்குள்ள யாரு வெதைச்சாலும் "சென்னியப்பன் புள்ளையைக் கூட்டியாங்க"ன்னுதான் வருவாங்க. பள்ளிக்கூடத்துல இருந்தெல்லாம் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அவளும் கையைக் கழுவிட்டு, நெத்தியில துன்னூறு வச்சுட்டு, பெரிய மனுசியாட்டப் போவா. இருவத்திரெண்டு வயசுல கட்டிக் குடுக்கற வரைக்கும் ஊருல மொத வெதை அவளுதுதான்.

உடுமலைப் பக்கம் குடுத்தேன். மாப்பிள்ளை தங்கமான பையன். எட்டு வருசம் நல்லாத்தான் இருந்தாங்க. குழந்தை இல்லை, அது ஒண்ணுதான் கொறை. ஒரு நாளு பைக்குல போனவரு வரலை. என்னத்தைச் சொல்றது. கூட்டியாந்துட்டேன்.

அதுக்கப்பறம் அவளை யாரும் வெதைக்குக் கூப்புடலைங்க. கூப்புடாதது கூடப் பரவாயில்லை. வெதைப் பொட்டியை எடுத்துட்டு வர்றவங்க, எங்க ஊட்டு வாசல்ல அவ நிக்கறது தெரிஞ்சா அந்த மூலையிலயே நின்னுக்குவாங்க. அவ உள்ள போனப்பறம்தான் தாண்டிப் போவாங்க. அவளும் அதைப் பார்த்துட்டு வெதைக்கற மாசத்துல வாசப்பக்கமே வர்றதில்லை. ஒரு வருசம் அப்படியே இருந்தா.

ஒரு நாளு நான் உண்ணுட்டிருக்கறேன், வந்து முன்னால உட்கார்ந்தா. "அப்பா, கீக்காட்டுல ஒரு ஏக்கரா எனக்கு உடுங்க. மஞ்சள் போடறேன்"னா. நானும் மயிலாத்தாளும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கறோம். மஞ்சளுங்க! உங்களுக்குப் புரியுதில்லீங்களா? மயிலாத்தா மெதுவாச் சொன்னா, "வேற எதாச்சும் போடு சாமி, ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க"ன்னு. அதுக்கு அவ, "எனக்குப் பூசிக்கத்தானுங்கம்மா குடுக்க மாட்டாங்க. வெளைய வைக்கக் கூடாதுன்னுமா இருக்குது?"ன்னா. எனக்குப் பெருமை தாங்கலைங்க. போடு கண்ணுன்னுட்டேன்.

அவ படிச்ச புள்ள. மண்ணைப் பரிசோதனை பண்ணிட்டுத்தான் போடுவேன்னு நோட்டீஸ் வாங்கியாந்து வச்சிருந்தா. எப்படி எடுக்கோணும்னு படம் போட்டது, உங்க ஆபீஸ் நோட்டீஸ்தான். வரப்போரம் எடுக்கக் கூடாது, மரத்தடி கூடாது, எருக்குழி கூடாது, பத்து எடத்துல வி மாதிரிக் குழி வெட்டி, கலந்து, அரைக் கிலோ எடுத்து நெழல்ல ஒணத்தோணும். எனக்கு இப்ப மனப்பாடமாத் தெரியும். அந்த வாரம் பார்த்து மாப்பிள்ளைக்குத் திதி வந்துச்சு, அவ மாமியார் ஊட்டுக்குப் போகோணும். "நீங்களே எடுத்துக் குடுத்துட்டு வந்துருங்கப்பா"ன்னு பையைக் கையில குடுத்துட்டுப் போனா.

நான் மம்முட்டியை எடுத்துட்டுக் கீக்காட்டுக்குத்தானுங்க போனேன். பொய் சொல்லலை. போயி நின்னேன். வெட்டறதுக்கு ஓங்கவும் செஞ்சேன். அங்கங்க வெள்ளை. இதை அள்ளிட்டுப் போயி, முன்னப் பின்ன தெரியாதவங்க மேசையில வச்சு, அவங்க அதைக் கரைச்சு, காச்சி, இது இன்னது இன்னதுன்னு காயிதத்துல எழுதி, முத்திரையும் குத்திக் குடுப்பாங்க. அதை நான் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வரோணும். என்னால ஆகலைங்க. பொண்ணு பார்க்க வர்றாங்கன்னா புள்ளைக்குக் கொஞ்சம் பவுடர் போட்டு உட்கார வைக்கறதில்லீங்களா? அதுபோலத்தான் நெனச்சேன்.

மேக்காட்டுல முப்பது வருசமா ஆட்டுப்பட்டி போட்ட எடம் ஒண்ணு இருக்குது. அந்தப் பக்கம் போர்த் தண்ணியே போனதில்லை. அங்க போயி வெட்டுனேன். கருகருன்னு, மண்புழு நெளிய நெளிய வந்துச்சு. அதைக் கொண்டாந்து இந்த மேசையில வச்சு, கீக்காடுன்னு சொன்னேன். பொய் சொல்றோம்னே அப்பத் தோணலை. அதுவும் எங்க மண்ணுதானே, ரெண்டும் ஒரே அப்பன் சொத்துத்தானே.

கார்டு வந்துச்சு. சத்து அதிகம், உப்பு நெலை இயல்பு, மஞ்சளுக்கு உகந்ததுன்னு போட்டிருந்துச்சு. தமயந்தி அதைச் சத்தம் போட்டுப் படிச்சா. சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வச்சா. நெசத்தைச் சொல்லோணும்னா எனக்கும் சந்தோசந்தான். சர்க்காரே சொல்லிருச்சே. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் நானே காட்டுனேன். காட்டிக் காட்டி, கீக்காட்டுக்கு ஒண்ணுமே இல்லைன்னு நானும் நம்பிட்டேனுங்க.

வைகாசியில நட்டோம். ஆளுக எல்லாம் நின்னுட்டிருக்காங்க. நான் ஒரு வெதை மஞ்சளை எடுத்து அவ கையில குடுத்தேன். வாங்க மாட்டேங்கறா. "வேற யாராச்சும் போடட்டுங்கப்பா"ங்கறா. "போடு கண்ணு, உன்ற கைக்கு இந்த மண்ணு மாட்டேன்னு சொல்லாது"ன்னேன். அத்தனை பேருக்கு முன்னால சொன்னேன். அவ அழுதுட்டேதான் வச்சா.

மழை அந்த வருசம் முன்னாலயே புடிச்சுக்குச்சு. மொளைச்சு வந்துச்சுங்க, பச்சைப் பசேல்னு. அவ வெடிஞ்சா அங்கதான் இருப்பா. செடிகூடப் பேசுவா, நான் கேட்டிருக்கறேன். ஆடிக்கு மேல மழை நின்னுது. போர்த் தண்ணி உட ஆரம்பிச்சோம். பத்துப் பதினஞ்சு நாள்ல எலை நுனி கருக ஆரம்பிச்சுது. தீயில காட்டுனாப்பல நுனியில இருந்து உள்ள உள்ளக் கருகுது. அவ புஸ்தகத்தைப் பார்க்கறா, போன் போட்டுக் கேக்கறா, புண்ணாக்குக் கரைச்சு ஊத்தறா. ஒருக்கா வரப்புமேட்டுல உட்கார்ந்து எதையோ சொரண்டிப் பார்த்துட்டு, "இதென்னங்கப்பா வெள்ளையா?"ன்னு கேட்டா.

சாம்பல் அம்மிணின்னேன். பூச்சி வராம இருக்க நாந்தான் தூவுனேன்னேன்.

நம்பிட்டா. கார்டுதான் இருக்குதே.

புரட்டாசியில பாதி போச்சு. மாசியில தோண்டுனா சுண்டு விரல் தண்டிதான் கெழங்கு. அதையும் அவ ஒண்ணொண்ணாப் பொறுக்கிக் கூடையில போட்டா.

பங்காளி ஊட்டுக்காரி ஒருத்தி, வள்ளியாத்தான்னு பேரு, தண்ணிக் கொழாய்கிட்ட நின்னுட்டுச் சொன்னா. "தாலி எறக்குனவ கையில மஞ்சளைக் குடுத்தா வேற எப்படி ஆகும்"னு. நான் அந்தப் பக்கமாத்தான் வந்துட்டிருக்கறேன். எனக்கு ஏறுச்சு பாருங்க கோவம். "ஏ புள்ள, எங்க காட்டைப் பத்தி என்ன பேசறே?"ன்னு போயி நின்னேன். அவ பதறிட்டா. "உங்க காட்டை யாருங்கண்ணா கொறை சொன்னா? உங்க மண்ணு தங்கமாச்சே"ன்னா.

அதைக் கேட்டதும் கோவம் அப்படியே எறங்கிப் போச்சு. சரி சரின்னுட்டு வந்துட்டேன். தமயந்தி கொடத்தோட அங்கதான் நின்னுட்டிருந்தா. அவளை நான் அப்பறந்தான் பார்த்தேன்.

அன்னைக்குப் பொழுதோட மயிலாத்தா என்னை மாட்டுக் கட்டுத்தரைக்குக் கூப்புட்டுக் கையைப் புடிச்சுட்டுச் சொன்னா. "இப்பவாச்சும் சொல்லிருங்க மாமா. எம் புள்ள செத்துருவா"ன்னா. சொல்றதுக்கு என்ன இருக்குது, கார்டு இருக்குதேன்னேன். அவ கையை உட்டுட்டா. அதுக்கப்பறந்தான் பேசறதில்லை. இதுக்குப் போயா இத்தனை வீம்புன்னு நானும் உட்டுட்டேன்.

நாலஞ்சு நாள் கழிச்சு தமயந்தி என்கிட்ட வந்தா. திருப்பூருல பனியன் கம்பெனியில செக்கிங் வேலை இருக்குதாம், போறேன்னா. இங்க என்ன கண்ணு கொறைன்னேன். "ஒண்ணும் இல்லீங்கப்பா. இனி எங்கையில மட்டும் வெதை குடுக்காதீங்க. மண்ணு பாவம்"னா.

மண்ணு பாவம்னு சொன்னா பாருங்க! உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, அதைக் கேட்டதும் எனக்கு மனசுக்குள்ள ஒரு ஆறுதல் வந்துச்சுங்க. என் புள்ள எங்க மண்ணை ஒரு சொல்லு சொல்லலையேன்னு. அந்த ஆறுதல் வந்ததை நெனச்சா இப்ப எனக்கே என்னைப் புடிக்கலை. பஸ் ஏத்தி உட்டுட்டு வந்தேன். வந்து கீக்காட்டுல உட்கார்ந்து அழுதேன். எதுக்கு அழுதேன்னு கேட்டா, அன்னைக்கு எனக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்காது.

தண்ணி இருக்குதுங்களா? சித்தெ குடுங்க. ... ம். இனிப்பாயிருக்குது, நல்ல தண்ணி.

போன மாசம் அவளைப் பார்க்கப் போனேன். லைன் ஊடு, வரிசையா எட்டு ஊடு, முன்னால கையகலம் எடம். ஒவ்வொரு ஊட்டு முன்னாலயும் ஒரு பெயிண்ட் வாளியில எதாச்சும் வச்சிருக்காங்க. இவ ஊட்டு முன்னால ஒரு கருவேப்பிலைக் கண்ணு. நல்லா வந்திருக்குதே, நீ வச்சதா கண்ணுன்னு கேட்டேன். பக்கத்து ஊட்டுப் பொண்ணு சிரிச்சுட்டே சொல்லுது, "நான் வச்சதுங்கய்யா. தமயந்தியக்கா இதைத் தொடவே மாட்டாங்க. தண்ணி மட்டும் ஊத்துவாங்க, அதுவும் எட்டி நின்னு"ன்னு.

எட்டி நின்னு ஊத்தறதை நானே பார்த்தேனுங்க. ஒரு மக்குல மோந்து, வாசப்படியிலயே நின்னுட்டு, மண்ணு கையில தெறிக்காம, கையைப் பின்னால இழுத்து இழுத்து ஊத்தறா. ஊரே கூப்புட்டுப் போன கையிங்க அது. நான் டீயைக் குடிச்சுட்டு, வர்றேன் சாமின்னு சொல்லிட்டு வந்துட்டேன். சொல்லலாம்னு வாயெடுத்தேன். வரலை. பஸ்ஸுல வர்றப்ப முடிவு பண்ணுனேன். என் வாயி சொல்லாது, காயிதம் சொல்லட்டும். அவ காயிதத்தை நம்பறவ. ஒரு காயிதந்தானே அவ கையைக் கெடுத்துச்சு, இன்னொரு காயிதம் அதைச் சரி பண்ணட்டும்.

அந்தப் பழைய நோட்டீசைத் தேடி எடுத்து வச்சுட்டு, நாலு நாளைக்கு முன்னால எறங்குனேன். கீக்காடுங்க, கீக்காடேதான். பத்து எடம். வி மாதிரிக் குழி. ஒரு எடம் தப்பலை. மயிலாத்தா வரப்புல நின்னு பார்த்துட்டிருந்தா. அப்பறம் எறங்கி, என் பின்னாலயே குனிஞ்சு குனிஞ்சு எதையோ முந்தியில அள்ளிட்டு வந்தா. சுள்ளி கிள்ளி பொறுக்கறாளாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். நெழல்ல ஒணத்தி, கலந்து, சலிச்சு, இதோ, அரைக் கிலோ. புடியுங்க. பிரிச்சே பாருங்க.

என்ன பார்க்கறீங்க?

வெள்ளையா? மேல இருந்ததுங்களா? அது... மேலாப்பல மட்டும் சீவிட்டுத்தானுங்க வெட்டுனேன். ஒரு விரல்கட்டை அளவுக்கு, அவ்வளவுதான். பத்து எடத்துலயும். நாலு பேரு பார்க்கற எடத்துக்குப் போகுது, பார்வைக்கு அத்தனை அசிங்கமா இருந்துச்சுங்க. மண்ணு கீக்காட்டு மண்ணுதான், அதுல பொய் இல்லை. சீவக்கூடாதுங்களா? நோட்டீசுல சருகு, புல்லை எடுத்துப் போடுன்னு இருந்துச்சே.

அப்படியா. அதுலதான் உப்பெல்லாம் இருக்குதுங்களா. இதைப் பார்த்தா கம்மியாத்தான் காட்டுமா.

அப்ப கார்டுல மறுபடியும் நல்ல மண்ணுன்னு வந்துரும்.

இல்லைங்க, மறுபடி போயி எடுத்துட்டு வான்னு சொல்லாதீங்க. போயிருவேன், ஊருக்குப் போகறதா பெருசு. மம்முட்டியை எடுத்துட்டு அதுக்கு முன்னால போயி நின்னா இந்தக் கை மறுபடியும் சீவும் அம்மிணி. எனக்கு என் கையைத் தெரியும். அறுவத்தாறு வயசாச்சு, வேணும்னா பண்றேன்? தானா வருதுங்க.

சரிங்க. உண்ணறேன். நீங்க சொல்றீங்கன்னு உண்ணறேன். கண்ணு இருட்டிட்டுத்தான் வருது. மூட்டையை இப்படி நவுத்துங்க. இதென்ன முடிச்சு இத்தனை எறுக்கி... அவளுக்கு எப்பவுமே கட்டுச்சோத்துக்கு இப்படிப் போடற பழக்கம் இல்லையே.

அம்மிணி.

இது சோறு இல்லீங்க.

பாருங்க. அத்தனையும் அள்ளியிருக்கா. நான் சீவிச் சீவி எறிஞ்சதைப் பூராவும். ஒரு பொருக்குக்கூட உடலை. நாலு நாளா ஊட்டுக்குள்ள வச்சிருந்திருக்கா, ஒரு வார்த்தை சொல்லலை. நாங் கண்டுக்கவே இல்லை. சுள்ளி பொறுக்கறான்னு நெனச்சேன்.

இருங்க, ஒரு துளி நாக்குல வச்சுப் பார்க்கறேன். ஒண்ணும் ஆகாது. மண்ணு நாக்குல வச்சே வளர்ந்தவன் நான், இதை மட்டுந்தான் இத்தனை வருசமா வச்சுப் பார்க்கலை.

கரிக்குது. அன்னைக்கு அந்தத் தண்ணி எப்படிக் கரிச்சுதோ, அப்படியே கரிக்குது. அவ துப்புனா. நாந்தான் முழுங்குனேன்.

கொண்டாங்க அந்தப் பையை. நீங்க வேண்டாம், நானே கலக்கறேன். பத்து எடத்துது இதுலயும் இருக்குது, பத்து எடத்துது அதுலயும் இருக்குது. சரியாப் போச்சுங்களா? இப்ப எழுதுங்க. எடம் கீக்காடு. தண்ணி போர்த் தண்ணி. பிரச்சனைன்னு ஒரு கட்டம் இருக்குதில்லீங்களா, அதுல நீங்க சொன்ன அந்தச் சொல்லை எழுதுங்க. யாரு தண்ணி உட்டதுன்னு ஒரு கட்டம் இருக்குதுங்களா? இல்லீன்னா ஓரத்துல எழுதுங்க. சென்னியப்பன்னு. போன தடவை மேக்காட்டு மண்ணைக் குடுத்ததும் சென்னியப்பன்னு எழுதுங்க. கையெழுத்து நான் போடறேன்.

கார்டு வர எத்தனை நாளாகும்? பத்து நாளா.

பத்து நாளு எதுக்குங்க. இந்தப் போன்ல அவ நம்பர் இருக்குது, எனக்கு எழுத்துத் தெரியலை, கண்ணு கலங்கிக் கெடக்குது. தமயந்தின்னு இருக்கும். போட்டுக் குடுங்க. கம்பெனியில இப்பச் சாப்பாட்டு நேரந்தான், எடுப்பா.

அலோ. கண்ணு, அப்பன் பேசறேன். ஒண்ணுமில்லை சாமி, பதறாதே, அம்மா நல்லாத்தான் இருக்கறா. உண்டுட்டயா? நானா? இன்னும் இல்லை. அம்மா கட்டிக் குடுத்தா, இப்பத்தான் பிரிச்சேன்.

அப்பன் ஒண்ணு சொல்லோணும். கையில இருக்கற வேலையை வச்சுட்டு நல்லாக் கேளு. நம்ம கீக்காடு உவர், கண்ணு. உன்ற கை அதைத் தொடறதுக்கு முன்னாலயே உவர்.